மாமனார் வண்டியும் பிரிவு 52-ம்

"தோப்பை இனிமே நீங்களே பார்த்துக்குங்க மாப்ளே" என்று மாமனார் ஒதுங்கிக்கொண்டபோது, தோப்போடு சேர்ந்து ஒரு பழைய பிக்கப்பும் என் தலையில் விழுந்தது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பிரயோஜனமில்லை, இன்றைக்கு அதில் கம்பெனி போட்ட சாமானைவிடப் பொள்ளாச்சிப் பட்டறைகள் போட்ட சாமான்தான் அதிகம். சாவியைக் கையில் கொடுத்தார். வண்டியையும் கொடுத்துவிட்டதாக அவருக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. ஒரு நட்டைத் திருகினாலும் மறுநாள் விடியும்போது கண்டுபிடித்துவிடுவார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் அவருக்குக் காபியே இறங்கும்.

புதுக் கார் வாங்கினால் ஊர் அதிகம் பேசாது. மிஞ்சிப்போனால் "எத்தன ஆச்சுங்க?" என்பார்கள். பழைய பிக்கப்புக்கு அந்த மரியாதை கிடையாது. டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினால் போதும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் என்ஜினியர் ஆகிவிடுவார்கள். ஒருவர் தொட்டியை ஒரு அடி உயர்த்தச் சொல்வார். இன்னொருவர், நாமக்கல்லில் கொண்டுபோய்ப் பாடியையே புதிதாகக் கட்டச் சொல்வார். மூன்றாமவர் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் தனக்குத் தெரிந்தவர் இருப்பதாகவும், வேறொரு வண்டியின் கியர்பாக்ஸ் இதற்கு 'அப்படியே உக்காந்துக்கும்' என்றும் சொல்வார். எல்லாரும் எதையாவது சேர்க்கத்தான் சொல்கிறார்கள். எதையாவது கழற்றச் சொன்னவரை அந்தப் பெஞ்சில் நான் இதுவரை பார்க்கவில்லை.

இதில் தலைமை ஆலோசகர் என் மச்சினன். கோவையில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயி. ஆஸ்திரேலியாக்காரர்கள் பழைய பிக்கப்பை உருமாற்றும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருவான். அந்த வண்டிகள் பாலைவனத்தில் பாய்கின்றன, கூரை வரை தண்ணீர் ஓடும் ஆற்றில் இறங்கி ஏறுகின்றன. நம் வண்டி தாண்டும் ஒரே நீர்நிலை பி.ஏ.பி. பாசனக் கிளை வாய்க்கால். அதையும் பாலத்தின் மேல்தான் தாண்டுகிறது. அவனோ முன்னால் இரும்புக் குழாய் பம்பர், கூரைமேல் எல்.இ.டி. விளக்கு வரிசை, ஏர் ஹாரன், மட்கார்டுக்கு வெளியே வரும் அகல டயர் என்று பட்டியலை நீட்டினான்.

நான் சட்டத்தை எடுத்துப் போட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. குழாய் பம்பருக்கோ 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதி, மாட்டியிருப்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. நடந்து போகிறவன்மேல் இடித்தால் அவனுக்கு ஆபத்து. எதிரே எதிலாவது மோதினால் அடி நேராகச் சேஸிஸுக்குப் போகும் என்பதால் நமக்கும் ஆபத்து. 2019-இல் வந்த திருத்தத்தில் 182ஏ என்று இன்னொரு பிரிவு: அனுமதியில்லாமல் செய்த மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

மாற்றம் 'ஒன்றுக்கு' என்றதும் மச்சினன் போனில் கணக்குப் போட ஆரம்பித்தான். அவன் அப்பா காலத்திலிருந்து வண்டிக்கு நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டான். "மாமா, வண்டியையே அவங்களுக்குக் குடுத்துட்டாலும் நாம பாக்கி தர வேண்டியிருக்கும்."

திண்ணையிலிருந்த மாமனார் காதில் இது விழுந்துவிட்டது. "அதெல்லாம் சட்டம் வர்றதுக்கு முன்னாடி பண்ணினதுங்க மாப்ளே" என்றார். வண்டி பிறந்ததே சட்டத்துக்கு அப்புறம்தான். ஆனால் மாமனாரிடம் வருஷக் கணக்குப் பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

அவர் செய்ததில் அவருக்கே ரொம்பப் பெருமையானது பின்பக்க ஸ்பிரிங் பட்டை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார். எத்தனை தேங்காய் ஏற்றினாலும் வண்டி 'உக்காரக் கூடாது' என்பது லட்சியம். உட்காரவும் இல்லை. உட்காராததால் லோடு எவ்வளவு என்று வெளியே தெரியாது, ஓட்டுகிறவனுக்கும் தெரியாது. பட்டை தாங்கும், சரி. அச்சு, பேரிங், டயர், பிரேக் இதற்கெல்லாம் கூடுதல் பட்டை யார் போட்டார்கள்? பிடித்தால் அதிக பாரத்துக்கு முதல் அபராதமே 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதல் டன்னுக்கு 2,000. மார்க்கெட்டிலிருந்து காலியாகத் திரும்பும் பாடு இன்னும் மோசம். வேகத்தடையில் வண்டி எழும்பும், நாமும் எழும்புவோம், வண்டி கீழே வந்து கொஞ்ச நேரம் கழித்து நாம் வருவோம்.

பட்டையைக் கழற்ற வேண்டும் என்று சொன்னது எங்கள் மெக்கானிக். ஆள் பேசுவது குறைவு, அடியில் படுத்துப் பார்ப்பது அதிகம். என்னையும் கூடவே படுக்கச் சொன்னார். பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போய்ச் சேஸிஸில் ஒரு வால்வைப் பிடித்துக்கொண்டிருந்தது. பல பிக்கப்களில் இது உண்டு. பாரம் ஏறினால் பாடி தாழும். தாழ்ந்த சேதியைக் கம்பி வால்வுக்குச் சொல்லும். வால்வு பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிவிடும். வண்டி காலியாக இருந்தால் குறைத்துவிடும். இல்லையென்றால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். "இப்ப நீங்க பட்டையைக் கூட்டிட்டீங்க. லோடு ஏத்துனாலும் பாடி எறங்காது. இதுக்கு என்ன தெரியும் சொல்லுங்க, பாவம்? வண்டி காலின்னு நெனச்சுக்கும்." தொட்டி நிறையத் தேங்காயோடு நாங்கள் இத்தனை காலம் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது, பிரேக் மட்டும் நாங்கள் சும்மா காற்று வாங்கப் போவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பட்டையைக் கழற்றியதில் மாமனார் என்னோடு சில நாள் பேசவில்லை. பிறகு அந்தப் பட்டைகளைக் கொல்லரிடம் கொண்டுபோய் அரிவாள் அடித்துக்கொண்டு வந்தார். பட்டை இரும்பில் அடித்த அரிவாள் எளிதில் முனை மழுங்காது. மட்டை வெட்டும்போதெல்லாம், "எப்பேர்ப்பட்ட இரும்பை வண்டியிலிருந்து கழட்டிட்டீங்க" என்று எனக்குக் கேட்கும்படி சொல்வார்.

அடுத்தது ஹெட்லைட். ராத்திரியில் அது எரிகிறதா என்று பார்க்க ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. மச்சினன் பழையபடி எல்.இ.டி. என்றான். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவன்; இந்த ஒரு விஷயத்தில் பெஞ்சுக்காரர்களின் பேச்சைக் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்து மல்டிமீட்டரை எடுத்து வந்து என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் வைத்தேன்: 13.8 வோல்ட். பல்பு முனையில் வைத்தேன்: 11.9. மிச்சம் வழியிலேயே போய்விட்டது. பல்பு ஒவ்வொன்றும் ஹை பீமில் 60 வாட். இரண்டும் எரியும்போது பத்து ஆம்பியர் அளவு மின்சாரம், பழைய சுவிட்ச், தலைமுடிபோல் மெலிந்த வயர், துருப்பிடித்த கனெக்டர் என்று ஊரைச் சுற்றி வர வேண்டும். இழை சூடேறி எரியும் இந்த வகைப் பல்பில் வோல்ட் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் அதைவிட வேகமாக இறங்கும். இங்கே இறங்கியது ஏழில் ஒரு பங்கு வோல்ட்; வெளிச்சத்தில் போனது ஏறக்குறைய நாற்பது சதவீதம். பல்பு பாவம் செய்யவில்லை.

மருந்து இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ், சில மீட்டர் தடிமனான வயர். சுவிட்ச் இனிமேல் ரிலேக்கு உத்தரவு மட்டும் கொடுக்கும். மின்சாரம் பேட்டரியிலிருந்து நேரே பல்புக்கு வரும். கையோடு எர்த்தையும் சரிசெய்தோம். மெக்கானிக் போல்ட்டைக் கழற்றி, அதன் அடியிலிருந்த பெயிண்ட்டைச் சுரண்டி, எமரித் தாள் போட்டுத் தகடு வெள்ளையாகப் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, வயர் முனையை வைத்து முறுக்கி, மேலே ஒரு விரல் கிரீஸ் தடவினார். அவ்வளவுதான். ஒரு டயர் விலையில் கால்வாசி கூட ஆகவில்லை. அன்று ராத்திரி வால்பாறைப் பாதையில் எதிரே வந்த பேருந்துக்காரர் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுத் திட்டிவிட்டுப் போனார். லோடு ஏற்றிப் பின்பக்கம் தாழ்ந்தால் முன்லைட் வானத்தைப் பார்க்கும் என்பதால் மறுநாள் அதையும் கொஞ்சம் கீழே இறக்கினோம். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரிலே பானெட்டுக்குள் இருக்கிறதல்லவா, போட்டோ எடுக்க முடியாது.

என்ஜின் சூட்டுக்கதையும் இதே ரகம்தான். வண்டி சூடாகிறது என்று எப்போதோ ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்திருந்தார்கள். இது பல ஊரிலும் நடக்கும் கைவைத்தியம். அதனால் என்ஜின் சூடாகவே ரொம்ப நேரம் பிடித்தது, குளிரிலேயே ஓடி டீசலைத் தின்றது. உண்மையான நோய் ரேடியேட்டரில். போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைத்துக்கிடந்தன. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றினோம். "தோப்புல போர் ஓடிக்கிட்டிருக்கு, தண்ணியைக் காசு குடுத்து வாங்கிட்டு வர்றாரு" என்று மாமனார் மாமியாரிடம் சொன்னது, எனக்குக் கேட்பதற்காகத்தான்.

தொட்டி அடித்தகட்டில் ஓட்டை விழுந்திருந்தது. மேலே ஒரு செக்கர் பிளேட்டை அப்படியே வெல்டு வைத்துவிடலாம் என்றார் பட்டறைக்காரர். அப்படி வைத்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவே தண்ணீர் தங்கி, புதுத் தகட்டின் அழகுக்கு அடியில் பழையது அமைதியாக உளுத்துப்போகும். அதனால் உளுத்த இடத்தை வெட்டி எடுத்து அந்த அளவுக்கு மட்டும் தகடு வைத்தோம். தண்ணீர் வடிய மூலையில் துளை போட்டோம். மேலே பழைய கன்வேயர் பெல்ட்டைப் பாயாக விரித்தோம். வேண்டும்போது சுருட்டி எடுத்துக் கழுவலாம். பின்கதவுச் சங்கிலி வழியெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டு வரும். சைக்கிள் டியூபைச் சங்கிலிக்கு உறை போட்டதும் வாயை மூடிக்கொண்டது. நம் நாட்டு வண்டி வைத்தியத்தில் சைக்கிள் டியூபுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "ஏங்க, அம்மாவுக்கு முட்டிவலி, ஏற ஒரு பிடிமானம் வையுங்க." கதவுச் சட்டத்தில் ஒரு கைப்பிடி, கீழே ஒரு கால்படி. இந்த வண்டியில் எல்லாரும் தினமும் தொடுகிற, ஒருவரும் குறை சொல்லாத ஒரே மாற்றம் அதுதான். அந்த யோசனையைச் சொன்னவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை.

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி வருஷாவருஷம் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் பரபரப்போடு மாமனார் முதல் நாளே குளித்துவிட்டுக் கிளம்பினார். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினோம். 80 கிலோமீட்டருக்குமேல் போகாதபடி தடுக்கும் ஸ்பீடு கவர்னர் வேலை செய்கிறதா என்றும் பார்த்தோம். எங்கள் வண்டியை 80-க்குமேல் போகவிடாமல் தடுப்பதற்குக் கருவி எதற்கு, வயதே போதும். ஆனால் சட்டம் சட்டம்தான்.

வயரிங், ரேடியேட்டர், பிரேக் கம்பி எல்லாம் சத்தமில்லாமல் தேறிவிட்டன. வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ரிவர்ஸ் கியர் போட்டதும் வண்டி பக்திப் பாட்டு மெட்டு ஒன்றைப் பாடியது. மாமனார் பல வருஷத்துக்கு முன்னால் ஆசையாக மாட்டியது அது. விடியற்காலை நான்கு மணிக்குத் தோப்பிலிருந்து வண்டி பின்னால் வந்தால் தெருவே எழுந்து வாசல் தெளிக்கும். "இதைக் கழட்டிட்டு வாங்க" என்றார் அதிகாரி. அங்கேயே கழற்றி, கீங் கீங் என்று மட்டும் சொல்லும் சாதாரண பஸ்ஸரை மாட்டினோம். கழற்றிய பெட்டியை மாமனார் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ரசீது கையில் வந்தும் அவர் முகம் தெளியவில்லை.

போன மாதம் உடுமலைப் பக்கமிருந்து ஒரு வியாபாரி வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார், கதவைத் தட்டிப் பார்த்தார். நான் பானெட்டைத் திறந்து ரிலேயைக் காட்டினேன்; கூலண்டைக் காட்டினேன்; அடியில் படுத்துப் பிரேக் வால்வின் கம்பியைப் பார்க்கச் சொன்னேன். வேட்டி அழுக்காகிவிடும் என்று அவர் படுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மாமனார் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இந்த வண்டி ரிவர்ஸ்ல வந்தா ஒரு சாமி பாட்டு பாடுமேங்க, அது சேர்த்துத்தானுங்களே?"

மாமனார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அது தனி வெலைங்க."