ஊமை எழுத்துகளும் என் சகலையும்

தமிழைத் தப்பாகப் பேசினால் நம் ஊரில் யாரும் சிரிப்பதில்லை. ‘வாளப்பளம்’ என்று மேடையில் முழங்கிவிட்டுக் கைதட்டலும் வாங்கலாம். ஆனால் கல்யாண வரவேற்பில் “பஃபெட் எந்தப் பக்கம்?” என்று கடைசி ‘ட்’டையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். தட்டோடு நிற்கிற நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் “சாப்பாடு எங்கே?” என்று தமிழுக்குத் திரும்பியிருக்கிறார்கள். தமிழ் வளர்ச்சிக்கு இப்படியும் ஒரு வழி.

அந்தப் பார்வையைத் தொழிலாகவே வைத்திருப்பவர் என் சகலை. லண்டனில் இருக்கிறார். டிசம்பரானால் சபாக்களில் பாட்டுக் கேட்கச் சென்னைக்கு வந்துவிடுவார். பாடுகிறவர் சுருதி விலகினால் அவருக்குத் தெரியாது. சபா கான்டீனில் சர்வர் ‘வெஜிடேபிள்’ என்று சொல்லி, அதற்குள் ஒரு ‘டேபிள்’ வந்து விழுந்தால் உடனே தெரிந்துவிடும். “வெஜ்டபிள்… வெஜ்டபிள்” என்று திருத்துவார். “அது தீந்துபோச்சு சார், பொங்கல்தான் இருக்கு” என்பார் சர்வர்.

ஒருநாள் மருந்துக்கடையில் என் மாமனார், “ரெசிப்ட் குடுப்பா” என்று கேட்டுவிட்டார். சகலை காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “மாமா, அதுல பி சைலன்ட்.” மாமனார் ஆயுசு முழுக்கக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். “வேலையே செய்யாம சும்மா உக்காந்திருக்கிறவனை எதுக்கு மாப்பிள்ளை சேர்த்தாங்க?” என்று கேட்டார். தணிக்கை அதிகாரி கேட்கவேண்டிய கேள்வி. சகலையிடம் பதில் இல்லை.

பதில் இருக்கிறது. அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் ‘பி’ கிடையாது. கடனைக் குறிக்கும் ‘டெட்’டுக்குள் இருக்கும் ‘பி’யும் அப்போது கிடையாது. பிற்பாடு லத்தீன் படித்த பண்டிதர்கள், இவையெல்லாம் லத்தீன் வம்சம் என்று ஊருக்குக் காட்டுவதற்காக ஆளுக்கொரு எழுத்தைச் செருகினார்கள். புதுப்பணக்காரர் எங்கோ பரணில் கிடந்த கொள்ளுத்தாத்தா படத்தைத் தேடிப்பிடித்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவதைப்போல. ஜனங்களோ பழையபடியே உச்சரித்துக்கொண்டு போனார்கள். ‘ஐலண்ட்’டுக்குள் உட்கார்ந்திருக்கும் ‘எஸ்’ இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்கும் லத்தீனுக்கும் உறவே இல்லை. அது அசல் பழைய ஆங்கிலம். அங்கே மாட்டியது பக்கத்து வீட்டுத் தாத்தா.

இதற்கெல்லாம் மேலே, 1476-ல் காக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக அச்சில் இறுகிப்போனது. வாயில் உயிரொலிகள் மட்டும் அடுத்த இருநூறு வருஷத்துக்கு மேல் இடம் மாறிக்கொண்டே இருந்தன. எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்கிற வழக்கம் அப்படி வலுத்தது.

ஜி, எச், ஓ, டி, ஐ என்று ஐந்து எழுத்தை எழுதி ‘ஃபிஷ்’ என்று படிக்கலாம் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. ‘இனஃப்’பிலிருந்து ஃப், ‘விமன்’னிலிருந்து இ, ‘நேஷன்’னிலிருந்து ஷ். சகலை இதைச் சொல்லிவிட்டு “பெர்னார்ட் ஷா சொன்னது” என்பார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1855-ல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே இந்த ஜோக் இருக்கிறது. ஷா பிறந்தது 1856-ல். ஆனாலும் அவருக்கு இந்த எழுத்துக்கூட்டல்மேல் இருந்த கோபம் நிஜம். புது எழுத்துமுறை ஒன்று உருவாக்கவேண்டும் என்று உயிலில் பணமே ஒதுக்கிவிட்டுப் போனார். எழுத்தும் வந்தது, 1962-ல் அவருடைய நாடகம் ஒன்றை அதில் அச்சிட்டார்கள். வாங்கினவர்கள் எப்படிப் படித்தார்களோ.

இனி நம் பக்கத்து வழக்கு. எங்கள் தெரு இட்லிக்கடை ஆயா பேரனை ‘இஸ்கூலு’க்கு அனுப்புகிறார். சகலைக்கு இது பெரிய தமாஷ். ஆயா தொல்காப்பியம் படித்ததில்லை. ஆனால் அதன்படி நடக்கிறார். சொல்லின் முதலில் இரண்டு மெய் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, கடைசியில் வல்லின மெய் நிற்கக்கூடாது என்பது தமிழ் இலக்கணம். அதனால்தான் முன்னால் ஓர் இகரம். அதனால்தான் பேங்குக்கும் கேட்டுக்கும் பின்னால் ஓர் உகரம். ரகரத்தில் சொல் தொடங்காது என்று கம்பன் ‘இராமன்’ எழுதினால் காவியம், ஆயா ‘இஸ்கூல்’ சொன்னால் கிண்டல்! ஸ்பெயின்காரருக்கும் இதே நாக்குதான். பள்ளிக்கூடம் அவருக்கு ‘எஸ்குவேலா’. சொந்த நாடே ‘எஸ்பான்யா’. அவரைப் பார்த்துச் சகலை சிரித்ததில்லை. ஒயின் ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டு வருகிறார்.

வெள்ளைக்காரர் நம் சொற்களை என்ன செய்தார் என்ற கணக்கையும் பார்க்கவேண்டும். திருவல்லிக்கேணி ட்ரிப்ளிகேன் ஆனது. தரங்கம்பாடி டிராங்க்விபார் ஆனது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆகி, இறைச்சியெல்லாம் உள்ளே போட்டுக்கொண்டு சூப்பாக மேஜைக்கு வந்தது. அவர் வாயில் நுழையாவிட்டால் ஊரின் பெயர் மாறும். நம் வாயில் நுழையாவிட்டால் மார்க்கு குறையும். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர் ஆங்கிலத்தில் 14 எழுத்து நீளத்துக்குப் போனது. ஊரெல்லாம் கூச்சல் போட, அதே மாதத்தில் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சென்னையில் ஒரு பாலத்தின் கதை. அதற்கு ஹாமில்டன் பிரிட்ஜ் என்று பெயர் வைத்தார்களாம். ஜனங்கள் வாயில் ஹாமில்டன் ‘அமட்டன்’ ஆகி, பிறகு நாவிதரைக் குறிக்கும் பழைய சொல்லாகவே தேய்ந்துவிட்டார். அடுத்து வந்த ஆங்கிலேயர்கள் ‘ஓஹோ, இது நாவிதர் பாலம்போல’ என்று அதை ஒழுங்காக மொழிபெயர்த்து ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று எழுதிவிட்டார்கள். நகரத்துக் கதை சொல்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது இது. ஒரு துரை எங்கேயும் போகாமல், முடிவெட்டிக்கொள்ளாமல், நாவிதராக ஆன ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

உச்சரிப்பை விடுங்கள். பொருள் மாறுகிற இடத்தில்தான் நிஜமான ஆபத்து. சகலையின் மேலதிகாரி ஒருமுறை இந்தியாவுக்கு வந்தபோது மாமனார் வீட்டுக்கும் வந்தார். மாமனார் அவரை உபசரித்து, “மை பேக்சைடு வெரி பிக் வெல் இஸ் தேர். கம் அண்டு ஸீ” என்றார். வீட்டுக் கொல்லையில் பெரிய கிணறு இருக்கிறது என்று அர்த்தம். வந்தவர் ஊரில் ‘பேக்சைடு’ என்றால் உட்காரப் பயன்படும் அங்கம் மட்டும்தான். மனிதர் நாகரிகமானவர்; காபி டம்ளரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சகலை முகத்தில் அன்று நான் கண்ட நிறத்துக்குப் பெயின்ட் கடையிலும் பெயர் கிடையாது.

இன்னொரு நாள் விழுப்புரம் தாண்டி டயர் பஞ்சர். மெக்கானிக், “ஸ்டெப்னி இருக்கா சார்?” என்றார். “அப்படி ஒரு வார்த்தையே இங்கிலீஷ்ல கிடையாது சகலை. லண்டன்ல சொன்னா ஒருத்தனுக்கும் புரியாது” என்று நடுரோட்டில் வகுப்பெடுத்தார். புரியாதுதான். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெரு என்ற தெருவில், 1904-ல் மாற்றுச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரை அவர்கள் மறந்துவிட்டார்கள். விழுப்புரம் மெக்கானிக் மறக்கவில்லை. இதில் யாருக்கு இங்கிலீஷ் தெரியும், யாருக்குத் தெரியாது?

அதற்காக நம்மவர் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதாடப்போவதில்லை. ‘நடுசென்டர்’ என்பதை மன்னிக்கலாம், இடம் தெளிவாகத் தெரிகிறது. ‘ஒரு டவுட்டு சார்’ என்று கேட்கும் மாணவனையும் மன்னிக்கலாம். வெளிநாட்டுப் பேராசிரியர்தான் ‘என்னையே சந்தேகப்படுகிறாயா?’ என்று திகைப்பார். ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. மன்னிக்க முடியாதது பந்தாவுக்காகச் செய்கிற தப்பு. ‘மிஸ்சிவஸ்’ என்று மூன்று அசையில் முடிகிற சொல்லை ‘மிஸ்சீவியஸ்’ என்று நாலு அசைக்கு இழுக்கிறவர், பிள்ளையின் குறும்பைச் சொல்லவில்லை. தன் கான்வென்ட்டைச் சொல்கிறார். ‘ரிவர்ட் பேக்’ என்று மெயில் அனுப்புகிற மேனேஜரும் அந்த ஜாதிதான். இதில் சகலைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆபீஸ் கடிதங்களின் கடைசி வரியில் வரும் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ மட்டும் தனி ரகம். பழைய துரைமார் எழுதிய வாசகம். அவர்கள் கைவிட்டதை நாம் எடுத்து வளர்க்கிறோம். எழுதுகிறவருக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியாது. படிக்கிறவருக்கும் தெரியாது. ஆனால் பொறுப்பு இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குப் போய்விடும். இவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிற வாக்கியத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லண்டனில் சகலை என்னை எப்படி அறிமுகம் செய்வார் என்று கேட்டேன். “பிரதர்-இன்-லா” என்றார். மச்சினனும் அதுதான், மைத்துனனும் அதுதான், கொழுந்தனும் அதுதான், நானும் அதுதான். மாமனார் மட்டும் எங்கள் இருவரையும் ‘கோ-பிரதர்ஸ்’ என்று சரியாகச் சொல்கிறார். லண்டன் இங்கிலீஷில் புழங்காத சொல். ஆனால் உறவு இருக்கிறதே.

சகலைக்கு இந்த வருஷமும் டிக்கெட் போட்டாகிவிட்டது. இறங்கியதும் அவர் முதலில் தமிழ்ப் பத்திரிகைகளைத்தான் வாங்குவார். இந்தப் பக்கம் மட்டும் அவர் கண்ணில் பட்டுவிடாமல் வாசகர்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.