தொலைந்துபோதலின் அசாத்தியம்: நெல்லிவாசல்நாட்டை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

சிநேகிதரைக் காண அயலூர் செல்பவன், அவர் தம் உத்தியோகத்துக்குப் புறப்பட்டுப் போன பின், பொழுதைப் போக்கும் உபாயம் வேறொன்றும் அறியாதவனாய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் போன போக்கில் நடந்து ஊரை அறிய முற்படுவது அனாதி காலந்தொட்டு நிகழ்ந்துவரும் விவகாரமாயினும், அதனைச் சாஸ்திர ரீதியாக வகுத்துரைக்கும் நூல் ஒன்றேனும் நம்மிடையே இல்லாதிருப்பது பெருங்குறையே. பல்லி விழுந்தால் இன்ன பலன் என்று அங்கம் அங்கமாக வகுத்துத் தந்த நம் பெரியோர்கள் இதை மட்டும் விட்டுச் சென்றது, பின்னால் வரும் சோம்பேறிகளுக்கும் ஏதேனும் ஒரு வேலை மிஞ்சட்டும் என்ற கருணையினால்தான் என்று கொள்க.

ஆராய்ச்சிக் களம் ஜவ்வாது மலை. திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று நாடுகள் அம்மலைமேல் உள்ளன. மூன்றாவதில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதர் ஆசிரியராக இருக்கிறார். பூர்வபட்சமாக ஹாஸ்லிட் என்னும் ஆங்கில வியாசகர்த்தரை எடுத்துக்கொள்வோம். 1822-ல் வெளிவந்த தமது கட்டுரையொன்றில், நடையின் சுகம் தனிமையில்தான் உண்டு, கூட ஆள் வந்தால் அது கெட்டுப்போகும் என்னும் கருத்தை அவர் வெகு சாமர்த்தியமாக நிலைநாட்டியிருக்கிறார். இதற்கு என் சித்தாந்தம் யாதெனில், சிநேகிதர் குடியிருக்கும் ஊரில் தனிமையும் இல்லை, தொலைந்துபோவதும் இல்லை. இரண்டையும் அந்த ஊரார் அனுமதிப்பதில்லை என்பதேயாம்.

பிரமாணம் காட்டாமல் சித்தாந்தம் கூறலாகாது. நியாய சாஸ்திரம் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் எனப் பிரமாணங்களை நான்காக வகுக்கின்றது. புகை கண்ட இடத்தில் நெருப்பை அனுமானிப்பது தர்க்கநூலார் வழக்கம். புதுச்செருப்பைக் கண்ட இடத்தில் விருந்தாளியை அனுமானிப்பது மலையூரார் வழக்கம். சாமைக் கொல்லையை ஒட்டி ஏறிய ஒற்றையடிப்பாதை ஒன்று புளியமரத்தடியில் இரண்டாகப் பிரிந்த இடத்தில், மண்சுவர் வீட்டு வாசலில் ஒரு மூதாட்டி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் உமி முறத்தின் முனைக்கு ஏறிக் காற்றோடு போக, மணிகள் அவர் வயிற்றுப் பக்கமாகச் சரிந்து சேர்ந்தன. பாதையில் வருபவனை அவர் நிமிர்ந்து பார்த்த மாதிரியே தெரியவில்லை. இடப்பக்கக் கிளையில் நான் காலெடுத்து வைத்ததுதான் தாமதம், "அப்பிடிப் போனா வாத்தியார் ஊடு வராது சாமி" என்றார். வாத்தியார் வீட்டுக்கு வழி கேட்டேனா? இல்லை. வாத்தியார் வீட்டை நான் விசாரிக்கவில்லை. அங்கே போகும் உத்தேசமும் அப்போது எனக்கில்லை. "சும்மா நடக்கிறேன் அம்மா" என்றேன். "சும்மா எதுக்கு நடக்கணும்?" என்று கேட்டார். ஹாஸ்லிட் முதலிய மேதைகள் பக்கம் பக்கமாக அளித்திருக்கும் விடைகளில் ஒன்றேனும் அந்த வாசலில் செல்லுபடியாகாது என்று பட்டமையால் மௌனம் சாதித்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் அழைக்கப்பட்டான். "வாத்தியார் ஊட்டுல உட்டுட்டு வாடா" என்ற ஆக்ஞை பிறந்தது. ஆராய்ச்சியாளன் ஆராய்ச்சிப் பொருளாகி அவன் பின்னே நடந்தான். மாலையில் திரும்பிய சிநேகிதர், நான் எந்த மரத்தடியில் தயங்கி நின்றேன், எந்த நாயைக் கண்டு வழி விலகினேன் என்பவற்றையெல்லாம் என்னிடம் ஒன்றும் கேளாமலே வரிசைக்கிரமமாக ஒப்பித்தார். இதுவே சப்தப் பிரமாணம்.

இம்மலைக்கே இந்தக் குணம் உண்டோ என்று ஐயுறவும் இடமிருக்கிறது. இதே மலைத்தொடரைச் சேர்ந்த காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் கண்ணாடியுடைய தொலைநோக்கி ஒன்று வானத்தை உற்றுநோக்கி வருகின்றது. யாருக்கும் தெரியாமல் சூரியனைச் சுற்றித் திரிந்த ஒரு சிறுகோள் 1988-ல் அந்த ஆய்வகத்தாரிடம் அகப்பட்டு, ராமானுஜன் என்று நாமகரணமும் பெற்றது. அத்தனை தொலைவில் அலைந்ததே தப்பவில்லை என்றால், பட்டணத்துச் செருப்போடு பாதையில் அலைபவன் எம்மாத்திரம்!

பழைய இலக்கியச் சான்றும் என் பட்சத்திலேயே இருக்கின்றது. ஜவ்வாது மலையின் தெற்கே அடிவாரத்திலுள்ள செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் மலைபடுகடாம், 583 அடிகளில் அமைந்த நடைபயணக் கையேடு என்றே சொல்லத் தகும். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எப்படி வரும், எவ்விடத்தில் பாறை வழுக்கும் என்றெல்லாம் எச்சரிக்கும் பெருங்கௌசிகனார், பாதை பிரியுமிடத்தில் பின்னால் வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்கும்படியும் புத்தி சொல்கிறார். இவ்வளவுக்கும் இடையே, நன்னனுடைய கூத்தர் நாங்கள் என்று சொன்னால் போதும், மலையூர் வீடுகளில் சொந்த வீடுபோலத் தயங்காமல் நுழையலாம் என்றும் ஓர் இரகசியத்தை வெளியிடுகிறார். நன்னன் இருந்த ஸ்தானத்தில் இன்று வாத்தியார் இருக்கிறார் என்பதைத் தவிர வேறு பேதம் எனக்குப் புலப்படவில்லை. கூத்தராவது வாய்திறந்து சொல்லவேண்டியிருந்தது. எனக்கு அந்தச் சிரமமும் வைக்கப்படவில்லை.

ஆட்சேபம் ஒன்று எழலாம்: இவ்விதி பட்டணத்துக்கும் பொருந்துமா? பொருந்தாது. சென்னையில் ஒரே கதவுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு இலக்கங்கள் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தாலும், அடுத்த வீட்டுக்காரர் உள்ளே யார் இருக்கிறார் என்பதற்கு உத்தரவாதம் கொடுக்கமாட்டார். கைபேசியில் தேசப்படம் பேசிக்கொண்டே வந்தும், தெருமுனையில் திகைத்து நிற்பவர்களை அங்கே தினமும் காணலாம். எண்ணால் அறியப்படும் ஊரில் மனிதன் தொலைவான். ஆளால் அறியப்படும் ஊரில் அவனால் முடியாது.

ஆகவே, வழி தவறும் சுகத்தை நாடுவோர் சிநேகிதர் இல்லாத ஊராகப் பார்த்துச் செல்வதே உசிதம். சிநேகிதர் உள்ள ஊரிலேதான் நடப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டாம். வழியிலுள்ள வாசல்களில் நீட்டப்படும் கேழ்வரகுக் கூழை வேண்டாமென்று சொல்லி நகர்ந்தவர் எவரும் இந்த ஆராய்ச்சிக்கு இதுவரை அகப்படவில்லை.