நடத்தி வைத்தவர்: நண்பர்

கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்றொரு ஊர். யுனிவர்சல் லைஃப் சர்ச் என்ற திருச்சபை அங்கேதான் வேர்விட்டது. இணையத்தில் பெயரையும் முகவரியையும் தட்டிக் கொடுத்தால், டீ ஆறுவதற்குள் நீங்கள் பாதிரியார். கட்டணம் இல்லை, வேதம் தெரிய வேண்டாம், கடவுளைக்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், கல்யாண உரிமத்தில் நடத்தி வைத்தவர் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதற்காகவே நண்பனைச் சாமியாராக்கி விடுகிறார்கள். 2019இல் டென்னசி மாநிலம் இணையப் பாதிரியார் செல்லாது என்று சட்டம் போட்டு வம்புக்கு நின்றது. மற்றபடி பெரும்பாலான இடங்களில் வண்டி ஓடுகிறது.

தமிழ்நாட்டில் நமக்கு இந்தக் கூத்தே தேவையில்லை. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அதுவரை நடந்த கல்யாணங்களையும் செல்லுபடியாக்கியது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், உன்னைத் துணையாக ஏற்கிறேன் என்று புரிகிற மொழியில் சொன்னாலும் சரி, மாலை மாற்றினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, முடிந்தது கல்யாணம். புரோகிதர் வேண்டாம். அமெரிக்காவில் நண்பன் பாதிரியாராக வேண்டும். இங்கே நண்பன் நண்பனாகவே இருந்தால் போதும்.

புத்தகத்தில்.

அந்தப் புத்தகத்தை நம்பித்தான் நண்பனுக்கு மாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, கல்யாணத்தைப் பதிவு செய்ய ஜோடியோடு நானும் பதிவு அலுவலகம் போனேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் முருகன், மீனாட்சி, திருப்பதி. சுவரில் காய்ந்த சந்தன மாலையோடு அண்ணா. அவருக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

“அய்யர் யாரு?”

“அய்யர் இல்ல சார். சுயமரியாதைக் கல்யாணம். நான்தான் நடத்தி வச்சேன்.”

“நீங்க எந்தக் கோயில்?”

“நான் நண்பன் சார்.”

“நண்பன்னா... ரசீது இருக்கா?”

நட்புக்கு ரசீது! இருபது வருஷமாகப் பழகுகிறோம், ஒரு ரசீது வாங்கி வைக்கத் தோன்றவில்லை பாருங்கள். 7ஏ என்றேன். அது எந்தப் படிவம் என்றார். அண்ணா மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. “பூசாரி கையெழுத்து, ஆதார் நகல், கோயில் ரசீது, எல்லாம் சேர்த்து மூவாயிரம். தேதி நீங்க சொல்றதுதான் சார்.” பக்கத்தில் நின்று பார்த்தவன் செல்லமாட்டான், பொண்ணு மாப்பிள்ளை முகத்தையே பார்க்காத பூசாரி செல்லுவார். அவருக்குத்தான் ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறதே.

நீதிமன்றத்திலும் இந்த நண்பன் பட்ட பாடு கொஞ்சமல்ல. வக்கீல் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரைக் கூட்ட வேண்டியதில்லை, வக்கீலும் தனிமனிதராக, நண்பராக நின்று நடத்தி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது 2023 ஆகஸ்டில். வக்கீலுக்கும் நண்பர்கள் இருக்கக்கூடும் என்று ஊர்ஜிதமாக ஒன்பது வருடம்.

இதுவரை சிரிக்கலாம். அடுத்து அந்தப் பதிவு அலுவலக ஆள் கேட்டதற்குச் சிரிக்க முடியவில்லை. விண்ணப்பத்தில் பெயர்களைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், பெண்ணை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “அப்பா அம்மா வரலையாம்மா? நம்பர் குடு, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று ஆகிவிட்டால் அப்பாவைக் கேட்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை போனில் போய்ச் சேர்ந்தால் ஊரிலிருந்து வண்டி கிளம்பும். அரிவாளும் அதிலேயே வரலாம். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்ததைக் கேமரா பார்த்தது, நாடே பார்த்தது. அதைப் பார்த்த பிறகும் நம்பர் கேட்கிறவரை எந்த வார்த்தையால் திட்டுவது? ரொம்பப் பொறுப்பானவராம், பெண்ணைப் பெற்றவராம். இரு மதத்து ஜோடி என்றால் இன்னும் விசேஷம். அவர்களுக்கு வழி 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். பேரும் விலாசமும் முப்பது நாள் அறிவிப்புப் பலகையில். தேடி வருகிறவனுக்கு அரசாங்கமே அடிக்கிற பத்திரிகை.

நண்பனும் அந்தப் பெண்ணும் நம்பரும் கொடுக்கவில்லை, மூவாயிரமும் கொடுக்கவில்லை. நாலாவது தடவை போனபோது, 7ஏ பிரிவை அச்செடுத்து அதே கண்ணாடியின் மேல், முருகனை மறைத்து வைத்தேன். படித்தார். மேலதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தார். “இது புதுசா வந்ததா சார்?” என்று கேட்டுக்கொண்டே முத்திரை குத்தினார்.

நண்பர்களின் காதல் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மொய்க்கவரோடு 7ஏ நகலும் மூன்று எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று பதிவு அலுவலகத்துக்கு, ஒன்று காவல் நிலையத்துக்கு. மூன்றாவதை அண்ணா படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டு வாருங்கள்.