சாக மறுத்த யந்திரம்

அருங்காட்சியகம் என்றால் பழைய சாமானைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிற இடம் என்றுதான் ஊர் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. 1960-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்த சுவிஸ் சிற்பி ழான் டாங்லிக்கு மட்டும் வேறு யோசனை. “உங்கள் தோட்டத்தில் ஒரு யந்திரம் கட்டுகிறேன், அது எல்லோர் கண்ணெதிரிலும் தன்னைத்தானே நொறுக்கிக்கொண்டு சாகும்” என்பது திட்டம். அங்கிருந்த பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். எந்தத் தைரியத்தில் என்று கேட்காதீர்கள்.

சாமான் வேண்டுமே? பெல் ஆய்வகத்தில் கௌரவமான எஞ்சினியராக இருந்த பில்லி க்ளூவர், நியூ ஜெர்சி குப்பைமேட்டில் சைக்கிள் சக்கரம் பொறுக்கக் கிளம்பினார். 80 சக்கரங்கள், ஒரு பியானோ, ஒரு குளியல் தொட்டி, பழைய மோட்டார்கள், தகர டிரம்கள் எல்லாம் சேர்ந்தன. மொத்தத்துக்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்தாயிற்று. நீளம் 23 அடி, உயரம் 27 அடி. காயலான் கடைக்குக் கல்யாணக் களை வந்த மாதிரி இருந்தது.

இந்த மாதிரிக் கோணங்கி யந்திரங்களுக்கென்றே முன்பே அமெரிக்காவில் ரூப் கோல்ட்பர்க் என்றொரு கார்ட்டூனிஸ்ட் இருந்தார். அவர் படத்தில் சூப் கரண்டியைத் தூக்கினால் கயிறு இழுபட்டு, பிஸ்கட் பறந்து, அதைப் பிடிக்கக் கிளி எகிறி, கடைசியில் துண்டு வந்து முகவாயைத் துடைக்கும். மனிதர் புத்திசாலி, எல்லாவற்றையும் தாளில் மட்டும் வரைந்தார். தாளில் ஃப்யூஸ் போகாது. டாங்லி நிஜத்திலேயே கட்டிவிட்டார்.

மார்ச் மாத மாலை, சொதசொதவென்று ஈரம். அழைப்பிதழோடு வந்த கனவான்கள் நடுங்கிக்கொண்டு நிற்க, ஸ்விட்சைப் போட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக எது எந்த நிமிஷத்தில் உடைய வேண்டும் என்று க்ளூவர் கணக்காக ஒயர் இழுத்து வைத்திருந்தார். கணக்கு யந்திரத்துக்குத் தெரியவில்லை. படம் வரையும் பகுதியில் பெல்ட்டைத் தலைகீழாக மாட்டியிருந்ததால், வெளியே நீண்டு வர வேண்டிய காகிதம் உள்ளேயே சுருட்டிக்கொண்டது. பியானோவை அடிக்கப் பத்துக் கைகள் பொருத்தியிருந்தும் மூன்றே சுரங்கள்தான் கேட்டன. ஊதிப் பெருக வேண்டிய ராட்சத பலூன் சோம்பிப் படுத்துவிட்டது. குளத்தில் விழுந்து உயிரை விட வேண்டிய குட்டி வண்டி நடு வழியில் மனசு மாறி நின்றது. இன்னொன்று ஹாரன் அலறப் பத்திரிகைக்காரர்கள் பக்கம் பாய்ந்தது. அதன் நியாயமும் புரியாமல் இல்லை. ராபர்ட் ரௌஷன்பெர்க் என்ற ஓவியர் தந்த பெட்டி மட்டும் சொன்ன சொல் தவறாமல் வெடிமருந்துப் புகையோடு வெள்ளி டாலர்களை வீசியது. காசு விஷயம் அல்லவா!

பியானோவும் திட்டப்படி தீப்பிடித்தது. அதற்குள் ஒளித்து வைத்திருந்த தீயணைப்பான்தான் மக்கர் செய்தது. அது வெடித்துவிடுமோ என்று பயந்து தீயணைப்பு வீரரைக் கூப்பிட, அவர் வந்து அணைக்கத் தொடங்கியதும் கூட்டம் கூச்சல் போட்டு அவரைத் திட்டித் தீர்த்தது. தீயை அணைத்ததற்காகத் திட்டு வாங்கிய புண்ணியவான்! ஆக 27 நிமிஷம் முக்கி முனகியும் தானாகச் சாகத் தெரியாத யந்திரத்தை, மனிதர்கள்தான் கைகொடுத்து முடித்து வைத்தார்கள். டாங்லிக்கு வருத்தமா? பரம சந்தோஷம். யந்திரம் தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டதே அவருக்குப் பெருமை.

கூட்டம் ஆளுக்கொரு துண்டை ஞாபகார்த்தமாகச் சுருட்டியது. அருங்காட்சியகமும் சும்மா இருக்கவில்லை. எதுவும் மிஞ்சக் கூடாது என்று கட்டிய யந்திரத்தின் ஒரு பாகம் அதன் சேகரிப்பில் இன்றும் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு எவனாவது இந்த ஆளைக் கூப்பிடுவானா? கூப்பிட்டார்கள். 1961-ல் டென்மார்க்கின் லூசியானா அருங்காட்சியகத்தில் ‘உலக முடிவுக்கு ஓர் ஒத்திகை’ என்று வெடிவைத்தார். 1962-ல் டைனமைட்டோடு நெவாடா பாலைவனத்துக்குப் போனார், என்பிசி தொலைக்காட்சி கேமராவோடு பின்னாலேயே ஓடியது. அதற்குப் பெயர் ‘உலக முடிவுக்கு ஓர் ஒத்திகை, எண் 2’. முதல் தடவையும் உலகம் சரியாக முடியவில்லை போலிருக்கிறது.