மாத்தளையில் தங்குவதற்கு நல்ல இடங்கள்

மாத்தளை மாவட்டத்துக்கு வருகிற கனம் பயணிகளே, தங்க இடம் கிடைக்குமோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். கவலைப்படுவதற்கென்றே இங்கே தனியாக ஒரு சனம் இருக்கிறது. நீங்கள் ஓர் இரவுக்கோ இரண்டு இரவுக்கோ வருகிறவர்கள். அறை, மெத்தை, சுடுநீர், சன்னலைத் திறந்தால் மலை, எல்லாம் தயார். இருநூறு வருடத்துக்கு முன்னால் வந்து இன்னும் போகாமல் இருப்பவர்களுக்குத்தான் இடம் கிடைப்பதில் கொஞ்சம் சிரமம்.

மாவட்டத்தின் புகழ்பெற்ற தங்குமிடம் சீகிரியா. காசியப்பன் என்ற ராசா கி.பி. 477 முதல் 495 வரை அந்தக் கல்லின் மேல் தங்கியிருந்தான். பெற்ற தகப்பனை உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசியவன் என்று சூளவம்சம் சொல்கிறது. பதினெட்டு வருடம் ஒளிந்திருந்ததற்கு அவனுடைய இடம் 1982இல் உலக மரபுரிமை ஆகிவிட்டது. இந்த மாவட்டத்தில் நிலையாகக் குடியிருந்ததற்கு மதிப்பு வேண்டுமென்றால் எதைக் கட்ட வேண்டும், யாரைக் கொல்ல வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது தம்புள்ளைக்குப் பக்கத்தில், கண்டலம குளக்கரையில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டல். பிக்குகளும் சுற்றாடல்காரர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகும் 1994இல் திறந்தார்கள். மலையை அணைத்தபடி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். கட்டடமே கண்ணில் படக்கூடாது என்று சுவரெல்லாம் கொடி படரவிட்டிருக்கிறார்கள். உண்மையாகவே அழகான வேலை, அதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு கட்டடத்தை மறைக்க அவ்வளவு மூளையும் பணமும் தேவைப்பட்டதே என்பதுதான் ஆச்சரியம். ரத்தோட்டைக்கு மேலே, கம்மடுவையில், எல்கடுவையில், கந்தேநுவரையில் வரிசை வரிசையாகத் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் நிற்கின்றன. அவற்றை மறைக்க ஒரு சதமும் செலவாகவில்லை. அதிகாரிகள் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தது போதுமானதாக இருந்தது.

பழமையை விரும்புகிறவர்களுக்குத் துரை பங்களாக்கள் உண்டு. சாய்மனைக் கதிரை, கணப்படுப்பு, புல்தரை, பின்னேரத் தேத்தண்ணி. சுவரில் தொப்பி போட்ட துரைமாரின் கறுப்பு வெள்ளைப் படங்கள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு பழைய சந்தைப் பட்டினத்துச் சத்திரத்தில் இருப்பது போலவே இருக்கிறது என்று வெள்ளைக்கார விருந்தாளி மனம் குளிர்ந்து சொல்வார். பாதி சரி. அங்கே அந்தப் பழைய சத்திரங்களில் ஒரு காலத்தில் குதிரை கட்டிய கொட்டில்களைக்கூடத் திருத்தி, வெள்ளையடித்து, கட்டில் போட்டு மனிதர் தூங்கும் அறையாக மாற்றிவிட்டார்கள். இங்கே பங்களாவுக்குக் கீழே மனிதருக்கென்று கட்டிய வரிசை, குதிரைக்காரன் பார்த்தாலும் முகம் சுளிக்கிற நிலையில், இன்றுவரை ஆட்களோடு இருக்கிறது.

அந்த வரிசையையும் இந்த வழிகாட்டியில் சேர்க்காவிட்டால் பாவம். மாவட்டத்தின் மூத்த விடுதி அதுதான்.

லயக் காம்பரா: பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். மழை பெய்தால் ஒழுகும், வெயில் அடித்தால் வேகும், அடுப்பு மூட்டினால் புகை போக வழி தெரியாமல் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை தாராளமாகத் தங்கலாம். மகனுக்குக் கலியாணமானால் குறுக்கே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். தேன்நிலவு அறை அதுதான். தண்ணீர் பீலியில், கக்கூசு வரிசையில். கடிதம் எழுதுகிறவர்கள் தோட்டத்துப் பெயரைப் போட்டால் போதும், ஆபீசுக்குப் போய்ச் சேரும். அதற்குப் பிறகு காம்பராவுக்கு வருவது ஆபீசின் மனதைப் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்து கைக்கு வந்த கதைகளை எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். உங்கள் கைப்பேசி வரைபடம் பங்களா வாசலைத் தப்பாமல் காட்டும். அந்தப் பங்களாவில் மேசை துடைக்கிற பெண்ணின் வீட்டை இலங்கை அஞ்சல் திணைக்களம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

வாடகை கிடையாது என்று கம்பனிகள் பெருந்தன்மையோடு சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஒருவராவது காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அந்தப் பெருந்தன்மை எவ்வளவு நேரம் தாங்கும் என்று லயத்தில் உள்ள சின்னப் பிள்ளையும் சொல்லும். 2024 மே மாதம் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. செப்டெம்பரில் அது 1,350 ரூபாயாகச் சுருங்கி நின்றது. அந்தக் கணக்கில் மாதத்தில் இருபத்தைந்து நாள் அட்டைக் கடியோடு மலை ஏறினால் அப்போது கிடைத்தது 33,750 ரூபாய், சுமார் நூற்றுப் பத்து டொலர். நல்ல பங்களா ஒன்றில் அந்தக் காசுக்கு ஓர் இரவு அறை கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 2024இல் மட்டும் இருபது லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் இந்த நாட்டில் வந்து தங்கிப் போனார்கள். அவர்களில் ஒருவரிடமாவது, உன் கொள்ளுப்பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான், நீ இந்த மண்ணுக்கு உரியவன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டிருப்போமா? 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து இந்தச் சனத்திடம் அதைத்தான் கேட்டோம்.

தம்புள்ளையிலிருந்து நாலந்தா வழியாக மாத்தளைக்குக் குளிரூட்டிய வேனில் வருகிறீர்களே, அந்த வழியிலும் ஒரு பழைய தங்கல் வரலாறு உண்டு. தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கிய இந்தச் சனத்தின் முன்னோர் காட்டைக் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த பாதை இது. நோய், பசி, தாகம், காட்டு மிருகம். 1840களில் இந்த வழியிலும் தோட்டங்களிலுமாக எழுபதினாயிரம் பேர் செத்திருப்பார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்குப் போட்டது. தங்குமடமும் கிணறும் பிறகுதான் வந்தன. அதுவரைக்கும் அவர்கள் தங்கிய இடங்களுக்கு நட்சத்திரத்துக்குக் குறைவே இல்லை, வானத்தில் இருந்தவை அத்தனையும் அவர்களுக்குத்தான். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே நிரந்தரமாகத் தங்கிக்கொண்டார்கள். இந்த மலையில் உறுதிப்பத்திரம் கேட்காமல் நிலம் கொடுக்கப்பட்டது அவர்களுக்கு மட்டும்தான்.

அந்த நினைவாக, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிகிற நடைபயணம் ஒன்று நடந்தது. மாண்புமிகு மலையக மக்கள் என்று பெயர் வைத்தார்கள். காணி வேண்டும், வீடு வேண்டும், சமமான குடிமக்களாக நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். பதில் தாமதிக்கவில்லை. அதே ஓகஸ்ட் மாதத்தில், அதே மாத்தளையில், ரத்வத்தைத் தோட்டத்தில், இடம் போதாமல் தொழிலாளர் குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிசையை உதவி முகாமையாளர் அடித்து நொறுக்கினார். காணொளியை நாடே பார்த்தது. அமைச்சர் ஓடி வந்து சத்தம் போட்டார். தோட்டம் யாருடையது தெரியுமா? அரசுக்குச் சொந்தமான எல்கடுவ பெருந்தோட்ட நிறுவனத்துடையது. அரசாங்கத்தின் தோட்டத்தில் நடந்த அநியாயத்துக்கு அரசாங்கத்தின் அமைச்சரே நியாயம் கேட்கிற நாடகத்தை வேறெந்த மாவட்டத்தில் இலவசமாகப் பார்க்க முடியும்? மாண்புமிகு என்று நடந்த நடைபயணம் முடிந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, லயத்துக்கு ஒரு பாதை போடவோ கான் வெட்டவோ பிரதேச சபைப் பணத்தைத் தொட முடியாது, அது தோட்டத்துக்குள் இருக்கிறது என்று முப்பது வருடம் கையை விரித்தார்கள். 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை லயத்து மக்களின் வாக்குச்சீட்டு மட்டும் தோட்டத்துக்கு வெளியே இருந்திருக்கிறது.

வீட்டுத் திட்டங்களைச் சொல்லாமல் விட்டால் தலைவர்கள் கோபிப்பார்கள். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து இன்னும் பத்தாயிரம் வீடு என்று அறிவித்தார், கைதட்டல் மலையில் எதிரொலித்தது. எழுந்த வீடுகள் எழுந்தன, அவற்றில் குடியேறியவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். எழாதவற்றுக்கு அடிக்கல் இருக்கிறது, மாலை போட்ட படம் இருக்கிறது, நாடாவை வெட்டிய கத்தரிக்கோலும் எங்காவது பத்திரமாக இருக்கும். தோட்டக் காணியைக் குத்தகைக்கு எடுத்த கம்பனிக்கு எல்லை தெளிவாகத் தெரிகிறது. பங்களாவை ஹோட்டலாக மாற்றுகிறவருக்கும் தெரிகிறது. தொழிலாளிக்கு ஏழு பேர்ச் அளக்கும்போது மட்டும் நில அளவையாளரின் சங்கிலி எங்கோ சிக்கிக்கொள்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையே இறங்கி வந்தது. நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள். மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. பாடசாலையிலும் கோவிலிலும் படுத்தவர்களுக்குப் புதிய வீடு, புதிய காணி என்று பேச்சு எழுந்ததும் கூடவே பழைய கேள்வியும் எழுந்தது: இடிந்த வீட்டின் காணி யாருடைய பெயரில்? லயத்துக்கு என்ன உறுதி இருக்கும்? ஐந்து தலைமுறை படுத்த பாய் இருக்கும்.

ஆகவே கனம் பயணிகளே, தாராளமாக வாருங்கள். பங்களாவில் தங்குங்கள், தேத்தண்ணி குடியுங்கள். புறப்படும்போது பில்லோடு ஒரு கேள்வியையும் முகாமையாளரிடம் வையுங்கள்: இந்தக் கோப்பையைக் கொண்டுவந்த அம்மாவின் வீடு யாருடைய பெயரில் இருக்கிறது? கனம் அமைச்சர்களே, உங்களிடம் கேள்வி எதுவும் இல்லை. மலையக மக்கள் இருபது பேர்ச் காணி கேட்கிறார்கள். அளந்து, உறுதி எழுதி, அந்த அம்மாவின் பெயரையும் சேர்த்து, கையில் கொடுங்கள். அடிக்கல் இனி வேண்டாம்.