சைவ சர்க்குலர்

2018 ஜூலையில் வீவொர்க் நிறுவனம், அலுவலக விருந்துகளில் இறைச்சி கிடையாது, வெளியே சாப்பிட்ட பில்லில் இறைச்சி இருந்தால் பணமும் கிடையாது என்றது. பூமி சூடாகிறதாம். 2014-லேயே சென்னையில் 'தி இந்து' தன் கேன்டீனில் அசைவம் கூடாது என்று ஊழியர்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது. அங்கே பூமியைப் பற்றிப் பேச்சே இல்லை, பெரும்பான்மையோருக்குச் சங்கடமாம்.

இந்தச் சட்டத்தை மதுரை கோரிப்பாளையத்தில் அமல்படுத்தும் ஹெச்.ஆர். அதிகாரியைப் பார்க்க ஆசை. மோர்க்குழம்பு வருவதற்குள் பாதிப் பேர், "சார், ஒரு போன் பேசிட்டு வந்திர்றேன்" என்று தர்கா பக்கம் நழுவியிருப்பார்கள். ஏ.வி. பாலம் தாண்டினால் சிம்மக்கல்லில் கறிதோசை வேறு. திரும்பி வரும்போது முகத்தில் பணிவு, வாயில் சோம்பு. திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் முனியாண்டி சாமிக்கே தை மாதத் திருவிழாவில் பிரியாணிதான் பிரசாதம். அண்டா அண்டாவாக விடியற்காலையிலேயே விநியோகம். அந்தச் சாமிக்கு எந்த ஹெச்.ஆர். மெமோ கொடுப்பார்?

பூமிக்காக என்றால் நானும் கை தூக்குகிறேன். ஆடு மாடுகள் விடும் மீத்தேன் பொய்யில்லை. ஆனால் அதே மீட்டிங் ஹாலில் ஏ.சி. 18-ல் ஓடுகிறதே, அந்த ரிமோட் யாரிடம் இருக்கிறது?