சப்பாத்திக் கள்ளியும் அக்கறையின் கேடுகளும்: பிரம்மதேசத்து வேலியோரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

தமிழ்நாட்டில் பிரம்மதேசம் என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. கல்வெட்டறிஞர்கள் அவற்றைத் தேடிப் போய்ச் சோழர் காலத்துச் சுவர்களை எல்லாம் படியெடுத்துவிட்டார்கள். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே உள்ள பிரம்மதேசத்தை. அங்கும் கோயில் பக்கம் நாம் போகப்போவதில்லை. நம் ஆய்வுக் களம் வேலி.

திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிறந்த நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்ற பட்டத்தோடும் வரிசை எண்ணோடும் ஊர் ஊராகப் போயின. அதே கொல்லைகளின் ஓரத்தில், கடலையை ஆடு மாடு மேயாமல் காத்து நின்ற சப்பாத்திக் கள்ளிக்கு ஓர் எண்கூடக் கிடைக்கவில்லை. அந்த அநீதியைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

கருதுகோள் வருமாறு: கள்ளிக்கு இதுவரை நேர்ந்த கேடுகள் அனைத்தும், யாரோ ஒருவர் அதன்மேல் அக்கறை கொண்டதால் நேர்ந்தவையே.

2. ஆய்வுப்பொருளை அடையாளம் காணல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது சதுரக்கள்ளி, இலைக்கள்ளி வகையறா. இந்த மண்ணுக்கு உரியது. சங்கப் புலவர்கள் பாலைத் திணையில் பாடிய கள்ளி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பால் வராமல் கொழகொழவென்று நீர் கசிந்தால் அது சப்பாத்திக் கள்ளி. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அதன் தாவரக் குடும்பத்தில் ஒரே ஓர் இனம் மட்டும் தானாக ஆப்பிரிக்காவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மற்ற எல்லாமே 1492-க்குப் பிறகு கப்பல் ஏறியவை. ஆகவே பாலை நிலத் தலைவனின் காலில் சப்பாத்திக் கள்ளி முள் தைத்திருக்க வாய்ப்பே இல்லை என்று இவ்வாய்வு உறுதிபடக் கூறுகிறது.

அடுத்து, சப்பாத்தி. நாம் இலை என்று நினைக்கும் அந்தத் தட்டையான பச்சை வட்டம் உண்மையில் தண்டு. இலை தளிரில் சிறு கூம்பாக எட்டிப் பார்த்துவிட்டுச் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். வட்டத்தின்மேல் புள்ளி வைத்ததுபோல் இருக்கும் மெத்தைகளில் இரண்டு வகை முள் உண்டு. நீள முள் கண்ணுக்குத் தெரியும். குத்தினால் பிடுங்கி எறிந்துவிடலாம். மற்றது மஞ்சள் நிறச் சுணை. மயிரிழை கனம்கூட இருக்காது. நுனியில் பின்னோக்கிய கொக்கிகள். தொட்ட விரலில் இருந்து, தலையைக் கோதினால் தலைக்கும், கண்ணைக் கசக்கினால் கண்ணுக்கும் அது குடிபெயரும். நீள முள் எச்சரிக்கை. தண்டனை வழங்குவது சுணைதான்.

3. இயல்பான வாழிடம்

பாலைவனத் தாவரம் பிரம்மதேசத்தில் எப்படி வாழ்கிறது? இந்தப் பகுதியைப் பாலைவனம் என்று சொன்னால் ஏரிப் பாசனக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். ஆனால் பங்குனி தொடங்கி ஆடி வரை வெயில் யாருக்கும் சலுகை காட்டாது. கள்ளிக்கு அது போதும்.

அதன் பிழைப்பு ரகசியம் இரவுப்பணி. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளை திறந்து கரியமில வாயுவை வாங்கும்போது, கூடவே தண்ணீரையும் ஆவியாக இழக்கின்றன. கள்ளி பகல் முழுக்கக் கதவடைத்துவிட்டு இரவில் திறக்கிறது. வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, விடிந்ததும் உள்ளே வைத்தே சமைக்கிறது. அதனால் விடியற்காலையில் அறுத்த மடலில் புளிப்பு தூக்கலாக இருக்கும், அந்தியில் குறைந்திருக்கும். இச்சோதனையைச் செய்ய விரும்பும் ஆய்வாளர் முதலில் சுணையைத் தீயில் பொசுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் புளிப்பை எழுதி வைக்க விரல் ஒத்துழைக்காது.

பழம் பற்றிய கள ஆய்வைச் சிறுவர்கள் ஏற்கெனவே முடித்துவிட்டார்கள். கவட்டைக் குச்சியால் திருகி எடுத்து, மண்ணில் போட்டு, வேப்பங்கொத்தால் தேய்த்து, பிளந்து தின்பது அவர்களது முறையியல். சாற்றின் கருஞ்சிவப்பு பீட்ரூட்டில் உள்ள அதே நிறமிக் குடும்பம். நாக்கு, உதடு, சட்டை ஆகிய மூன்று இடங்களில் சான்று பதிவாகிவிடுவதால், வீட்டில் மறைக்க முயன்ற ஆய்வாளர் எவரும் வென்றதில்லை.

4. அக்கறையின் வரலாறு

முதல் அக்கறை, கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை நசுக்கினால் விலையுயர்ந்த செஞ்சாயம் கிடைக்கும். அந்த வணிகம் மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர் கையில் இருந்தது. சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், பூச்சி வருவதற்கு முன்பே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்ததோ மட்டமான காட்டுப் பூச்சி. சாயமும் தேறவில்லை, ஒரு கள்ளி இனத்தையே அது தின்று தீர்த்தது.

இரண்டாவது அக்கறை, வேளாண் அறிஞர்களுடையது. பிழைத்திருந்த வேலிக் கள்ளி நிலங்களை அடைத்துப் பரவியதால், 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தை வரவழைத்தார்கள். சில ஆண்டுகளில் கள்ளிக் காடுகள் சரிந்தன. இன்றும் ஒரு மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால், நகத்தால் நசுக்கிப் பாருங்கள். குங்குமம் கரைத்த நிறம் வரும். கம்பெனி தேடிய சிவப்பின் உறவு அது. இப்போது யாரும் விலை கேட்பதில்லை.

5. தொட்டியில் நிகழ்வது

மூன்றாவது அக்கறைதான் மிகக் கொடியது. அது வீட்டில் நிகழ்கிறது. நர்சரியில் காசு கொடுத்து, உள்ளங்கை அளவுத் தொட்டியில் வாங்கி வரும் கள்ளிக்குக் காபி டம்ளரில் தினமும் தண்ணீர் போகிறது. கேட்டால், "தண்ணி ஊத்தாம எப்படிப்பா? அதுவும் ஒரு உயிர்தானே" என்கிறார் அத்தை. அன்பின் இந்த வாதத்துக்குத் தாவரவியலில் பதில் கிடையாது. அடித்தண்டு அழுகி, மேல்பாகம் பச்சையாகவே நிற்பதால், இறந்த பிறகும் அதற்குத் தண்ணீர் ஊற்றப்படுகிறது.

அலுவலக மேசையில் வைப்போர் இன்னொரு பள்ளி. கம்ப்யூட்டர் கதிர்வீச்சைக் கள்ளி உறிஞ்சும் என்பது இவர்கள் கொள்கை. வெளிச்சம் உறிஞ்சக் கிடைக்காத கள்ளி, வெளிறி, ஒல்லியாக நீண்டு, ஜன்னல் பக்கம் சாய்கிறது.

6. மறுப்பும் விடையும்

அக்கறை இல்லாமல் விட்டால் ஊரையே பிடித்துவிடாதா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் பிடித்தது, கோடிக்கணக்கான ஏக்கர் நிலம் கள்ளிக்குள் போனது. ஆனால் அதை அங்கே ஆசையாக நட்டவர்கள் குடியேறிய வெள்ளையர்களே. மீட்டது அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சியின் புழு. நன்றிக்கடனாகக் குயின்ஸ்லாந்தின் பூனார்காவில் 1936-ல் அதன் பெயரில் மண்டபமே கட்டினார்கள். கருதுகோள் அசையவில்லை.

7. முடிவும் பரிந்துரைகளும்

கள்ளி வளர்க்க விரும்புவோர் அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி எடுத்து, பருமணலும் பொடிக்கல்லும் மிகுதியாக, மக்கிய உரம் கொஞ்சமாக நிரப்புக. வேலியில் ஒடித்த மடலை உடனே நடாமல், வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போடுக. நட்டபின் மண் முழுக்கக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். வெயிலில் வைக்க, அடைமழைக் காலத்தில் தாழ்வாரத்துக்கு ஏற்றுக. அதன்பின் மறந்துவிடுக.

மறக்க முடியாதவர்கள், பக்கத்திலேயே ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கறை பொங்கும்போதெல்லாம் அதற்கு ஊற்றுங்கள். ரசத்துக்கும் ஆகும்.